இன்னும் கொஞ்சம் ஜோரா

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த அந்த மழைக்காலத்தில், யாராவது வாய் தவறி எதற்கு என்று கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். வயலின், செல்லோ, கொம்பு, பெரிய முரசு என்று ஒரு முழு இசைக்குழுவை எங்கோ ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே சுரத்தை மெதுவாக, சற்று அழுத்தமாக, முழு வேகத்தில் என்று பல படிகளில் வாசிக்கவைத்திருக்கிறார்கள். அந்த ஒலித்தொகுப்பை வாங்கி வைத்துக்கொண்டால் அல்சூரில் ஒரு வாடகை அறைக் கட்டிலில் சம்மணமிட்டபடியே அந்த இசைக்குழுவையே வாசிக்கவைத்து... என்று நான் ஆரம்பிப்பேன். கேட்டவர் அதற்குள் பஸ் வருகிறதா என்று பார்க்கத் தொடங்கியிருப்பார்.

தொகுப்பை வாங்கிவிட்டேன். சிக்கல் என்னவென்றால், இத்தனை ஒலிகளும் வாசிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். என் லேப்டாப் கல்லூரிக் காலத்தது. வயலின்கள் வந்து உட்கார்ந்தால் முரசுக்கு இடமிருக்காது.

அறையில் என்னோடு இருந்தவளுக்கு அமெரிக்க நேரத்தில் வேலை. விடிந்து வந்து படுத்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பாள். நான் ஆபீஸ் முடிந்து களைத்துத் திரும்ப ராத்திரியாகிவிடும். எனக்கு இசைக்குக் கிடைத்ததோ, ஆபீஸ் வேலை தொடங்குவதற்கு முந்தைய காலைப் பொழுது மட்டும். இரண்டு கட்டில்களுக்கும் நடுவே ஒரு பக்கெட் வைக்கத்தான் இடம். ஹெட்போன் போட்டுக்கொண்டால் இசை வெளியே கேட்காது. ஆனால் இசைக் கீபோர்டின் பிளாஸ்டிக் கட்டைகள் டக் டக்கென்று தட்டும். அதனால் பூனை நடப்பதுபோல அழுத்தப் பழகியிருந்தேன். பழகியது எனக்கே மறந்தும் போயிருந்தது.

பக்கத்துத் தெருவில் நடனம் சொல்லித்தரும் ஒரு மிஸ் இருந்தார். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஓர் ஏரியைப் பற்றி நாட்டிய நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்காரம்மா மூலம் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு இசை கேட்டார். என் ஹெட்போனைத் தாண்டி வெளியே ஒலிக்கப்போகிற முதல் இசை. ஒரு வாரம் கால் தரையில் படவில்லை.

முதல் வடிவத்தைப் போனிலேயே போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் நல்லா இருக்கும்மா. கடைசியில ஏரி உடையுது இல்ல, அது மட்டும் இன்னும் கொஞ்சம் ஜோரா வேணும். வரலைன்னாலும் பரவால்ல, எங்கிட்ட பழைய டிராக் ஒண்ணு இருக்கு, அதையே போட்டுக்குவோம்."

அந்தப் பழைய டிராக் என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் திண்டுக்கல்காரி. எங்கள் ஊரில் ஜோர் என்றால் புதுச்சட்டை ஜோர், கல்யாணச் சாப்பாடு ஜோர். பகட்டு, அழகு, ஒரு குறையும் இல்லாத நிறைவு. சரி, அவருக்குப் பகட்டு போதவில்லை என்று புரிந்துகொண்டேன். கொம்புகளை இரட்டிப்பாக்கினேன். பாடகர் குழு ஒன்றைச் சேர்த்தேன். கோயில் மணி மாதிரி ஏதோ ஒன்றையும் தொங்கவிட்டேன். லேப்டாப் உறைந்து நின்றது. ஆக, குறை என்னிடம் இல்லை, இயந்திரத்தில்தான் இருக்கிறது என்று முடிவாயிற்று. அது எவ்வளவு சுகமான முடிவு!

எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் ஏறி இறங்கினேன். எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "கேமிங்கா மேடம்?" இசை என்றதும் ஸ்பீக்கர் காட்டினார்கள். நினைவகத்தைப் பின்னாளில் கூட்டிக்கொள்ளக்கூடிய பெரிய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று மனதில் நின்றது. ஆனால் அதன் மின்விசிறி இரையும். சத்தமே போடாத சின்னப் பெட்டியும் இருந்தது. அதில் வாங்கும்போது இருக்கிற நினைவகம்தான், பிறகு கூட்ட முடியாது. இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு எல்லாம் விவாதித்தேன். அறைத்தோழியோ ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "மிக்ஸி மாதிரி இரைஞ்சா, அதுவோ நானோ, ஒருத்தர்தான்டி இந்த ரூம்ல."

பெரிய பெட்டிக்கு ஆர்டர் சொல்லிவிடலாம் என்று இருந்தபோதுதான் மிஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகைக்குக் கூப்பிட்டார். அன்றைக்குத்தான் எல்லோரும் முதன்முதலாகச் சலங்கை கட்டியிருந்தார்கள். என் முதல் வடிவத்தைத்தான் ஓடவிட்டார்கள். ஏரி உடையும் இடம் வந்தது. அத்தனை கால்களும் ஒன்றாகத் தரையில் இறங்கின. என் வயலின்கள் எங்கே என்று தேடினேன். கேட்கவே இல்லை. மிஸ் திரும்பி, ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றவரிடம் கையை உயர்த்திக் காட்டி, "ஜோரு, ஜோரு" என்றார். அவர் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது இந்த ஊர்க் கன்னட ஜோரு. பலமாக, சத்தமாக என்று பொருள். அந்தப் பருவம் முழுக்க ஆட்டோக்காரர்கள் 'ஜோரு மழை' என்றபோதெல்லாம், இந்த ஊர்க்காரர்கள்தான் மழையை எவ்வளவு ரசிக்கிறார்கள் என்று வியந்துகொண்டிருந்தவள் நான்.

சத்தத்தைக் கூட்டியும் சரியாகவில்லை. மெதுவாக வாசித்த வயலினைப் பெரிதாக்கினால் அது பலமான வயலின் ஆகிவிடாது. ரகசியம் சொல்கிறவர் வாயில் மைக்கைப் பிடித்த மாதிரிதான் இருக்கும். ஏரி உடையவில்லை; கசிந்தது.

வீட்டுக்கு வந்ததும், நினைவகம் குறைவாக உள்ளவர்களுக்கென்று, ஒலித்தொகுப்பை இயக்கும் மென்பொருளில் இருக்கும் ஒரு கட்டளையை முதன்முறையாகப் பயன்படுத்தினேன். இசையை முழுக்க ஓடவிட்ட பிறகு, அதில் ஒரு தடவைகூடப் பயன்படாத ஒலிகளை எல்லாம் அது வெளியே அனுப்பிவிடும். அதைப் பற்றி முன்பே படித்திருந்தேன். புது கம்ப்யூட்டர் ஆசையில் தொடாமல் இருந்தேன். அழுத்தினேன். நினைவகக் கணக்கு சரசரவென்று இறங்கியது. எது போயிற்று என்று பார்த்தால், எல்லா வாத்தியத்திலும் பலமாக வாசித்த பதிவுகள்தான். ஒன்றுகூட மிச்சமில்லை. கட்டையை எவ்வளவு வேகமாக அடிக்கிறோமோ அதற்கேற்ற பதிவைத்தான் அது எடுக்கும்; வெளியே போனதும் அப்படி அடித்தால் திரும்ப வரும். அந்த இசைக்குழு தன் முழுப் பலத்தையும் வைத்துக்கொண்டு என் லேப்டாப்பில் காத்திருந்திருக்கிறது. நான் ஒருமுறைகூட அதைக் கேட்டிருக்கவில்லை.

மத்தியானம் எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்த தோழியிடம் இதைச் சொன்னேன்.

"அப்போ இத்தனை நாளா என் தூக்கத்தைத்தான்டி நீ வாசிச்சிருக்க."

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இப்ப முழிச்சுட்டுத்தானே இருக்கேன்? அடி."

எளிதாக வரவில்லை. விரல்கள் பூனைகளாகவே இருந்தன. மாவு பிசைகிறாயா, கொசு விரட்டுகிறாயா என்று அவள் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். பாடகர் குழுவை அனுப்பிவிட்டேன். மணியைக் கழற்றினேன். வயலின், கொம்பு, முரசு, அவ்வளவுதான். கட்டைகள் உடைந்துவிடும்போல் சத்தம். வீட்டுக்காரம்மா மாடியேறி வந்து, ஆணி அடிக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். லேப்டாப் உறையவில்லை.

அடுத்த ஒத்திகையில் சலங்கைகள் இறங்கியபோது முரசு அவற்றின் அடியிலிருந்து எழுந்தது. கடைசி வரிசையில் ஆடிய ஒரு பெண் பயந்து திரும்பிப் பார்த்து அடியைத் தவறவிட்டாள். மிஸ் ஸ்பீக்கர் பக்கம் கையை ஆட்டி, "சாக்கு, சாக்கு, கம்மி பண்ணுங்க" என்றார். சாக்கு என்றால் போதும் என்று அதற்குள் நான் கற்றிருந்தேன். பழைய டிராக்கைப் பற்றி அதன்பின் அவர் பேசவே இல்லை.

கம்ப்யூட்டரும் வாங்கினேன், சத்தம் போடாத சின்னப் பெட்டியை. தோழி தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தாள். கடைக்காரர் வழக்கம்போல் கேமிங்கா என்றார். அவள் குனிந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இந்த ரோட்டுல வெச்சுக் கேட்டா மிக்ஸிகூட ஊமைதான்" என்றாள்.

இப்போது ஏரி தளும்பும் இடங்களைக் காலையில் எழுதுகிறேன். உடையும் இடங்கள் வந்தால், ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து டீ குடித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.