ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

புதிதாக அச்சடித்த ஃபிளெக்ஸ் பேனருக்கு ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் பெயின்டும் கலந்தாற்போல், பாயை விரிப்பதுபோல அதை விரிக்கும்போதே மூக்கில் ஏறி நெற்றிப்பொட்டில் போய் நிற்கும். மே மாதக் கடைசியில், தாராவியில் எங்கள் சந்தின் தோல் வாடையையும் சாக்கடை வாடையையும் மீறிக்கொண்டு அந்த வாடை வந்துவிட்டால், எங்கள் எல்லோருக்கும் பிறந்தநாள் வந்துவிட்டது என்று அர்த்தம். எல்லோருக்கும் என்றுதான் சொல்கிறேன், கை தவறி எழுதவில்லை. எங்கள் சந்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்.

இந்த அதிசயத்தைச் செய்தவர் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தாய்மார்களிடம் பிள்ளை பிறந்த தேதியைக் கேட்டால், 'கந்தூரிக்கு மறுநா', 'அம்மன் கொடைக்கு முந்துன செவ்வா' என்று பதில் வரும். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தின் முதல் தேதியை எழுதிவிடுவார். ஆறு வயது ஆகிவிட்டதா என்று பார்க்கவும் அவரிடம் ஒரு வழி இருந்தது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஆறு, தொடாவிட்டால் அடுத்த வருடம்.

என் அண்ணன் ஜமாலை உம்மா அங்கே கூட்டிக்கொண்டு போனபோது அவனுக்கு நாலு வயதுதான் முடிந்திருந்தது. வாப்பாவுக்குப் பர்ஸ் தைக்கிற 'கார்கானா'. எங்கள் குடியிருப்பு அதற்கு மேலே, ஏணி வைத்து ஏறுகிற பரண். கீழே தோல் ஒட்டுகிற சொலூஷன் வாடை, கத்தி, ஊசி. மேலே தவறி விழுவதற்கு ஓட்டை. உம்மா கீழே இறங்கித் தோல் வெட்டினால்தான் அடுப்பு எரியும், பிள்ளையை எங்கே விடுவது? அவனுக்கோ பிறவியிலேயே நீளக் கை. 'எட்டிருச்சு சார், ஆறு ஆயிட்டு!' என்று உம்மா சிரித்துக்கொண்டே சொன்னாளாம். நான் சிறுமியாக இருந்தபோது எத்தனையோ முறை இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அவன் எப்போது பிறந்தான் என்பது உம்மாவுக்கு நன்றாகத் தெரியும். 'ரமலான் இருவத்தேழாங் கிழமை ராவுல பொறந்த பிள்ள. ஆயிரம் மாசத்தவிட ஒசந்த ராவுல்லா அது!' என்பாள். அதை எழுத அந்தப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இடமில்லை.

அத்தனை பேருக்கும் ஒரே நாள் பிறந்தநாள் என்றால் அதில் யார் பெரியவர் என்ற கேள்வி வந்துதானே தீரும்! நாங்கள் அதற்கு 'நம்பர் போடுறது' என்று பெயர் வைத்திருந்தோம். தண்ணீர்க் குழாயடியில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, குழாய் திறக்கும்வரை ஜூன் ஒன்றுக்காரர்களுக்கு நம்பர் போடுவோம். சவூதிக்குப் போய்வந்த மைதீன் மாமா மேலே வருவார், ஊருக்குப் பணம் அனுப்பாதவர் என்று யாராவது ஞாபகப்படுத்தினால் கீழே போவார். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பது ஒரு தகுதி. கோட்டு போட்டுப் போட்டோ எடுத்திருப்பது ஒரு தகுதி. எல்லாவற்றையும்விடப் பெரிய தகுதி, சௌக்கியில் இருக்கும் போலீஸ்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. அப்படிப்பட்டவர் ஒருவர்தான் இருந்தார், செல்வம் அண்ணன். முதல் நம்பர் எப்போதும் அவருக்கே. நான் காதைத் தொட்ட வருடத்திலிருந்து நானும் ஜூன் ஒன்றுதான், ஆனால் பொட்டச்சிகளுக்கு நம்பர் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தால், என்னைக் காப்பாற்றியது அந்த அநியாயம்தான்.

பேனர் வைப்பவரும் செல்வம் அண்ணன்தான். குழாய் கனெக்‌ஷன், ரேஷன் கார்டு, சண்டை சமாதானம் என்று எல்லாவற்றுக்கும் சந்துக்காரர்கள் போய் நின்றது அவரிடம். சந்து முனையில் கம்பம் நட்டு, தன் முகத்தை ஆள் உயரத்துக்குப் போட்டு, அவருக்குக் கீழே மற்ற ஜூன் ஒன்றுக்காரப் பையன்களின் முகங்களைப் படிப்படியாகச் சின்னதாக்கிப் போடுவார். கடைசி வரிசை முகங்கள் தபால்தலை அளவுதான் இருக்கும், இருந்தாலும் அதில் இடம்பிடிக்கப் பையன்கள் அவர் பின்னாலேயே அலைவார்கள். மழை தொடங்கியதும் பேனர் இறங்கி யாருடைய கூரைக்காவது போய்விடும். ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் பரணுக்கு மேலே செல்வம் அண்ணனின் மீசை கிடந்தது.

ஜமால் அண்ணன் பேனருக்கு அலைந்ததில்லை. பள்ளிக்கூடம், கார்கானா, அது முடிந்தால் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போய்ப் பழைய புத்தகம் பார்ப்பது, அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் சந்திலிருந்து முதன்முதலாகத் தேறியவன் அவன். ரிசல்ட் வந்த அன்று செல்வம் அண்ணன் ஏணியடியில் வந்து நின்று, 'உம்மா, ஒங்க மவன் நம்ம சந்துக்கே இஜ்ஜத்து, மரியாத. இந்த வருசம் எனக்கு அடுத்து அவன் போட்டோதான்' என்றார். உம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த ஒரே நல்ல சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து ஸ்டுடியோவுக்கு அனுப்பினாள். அந்த வருடம் குழாயடியில் சண்டையே இல்லை. ஜமாலுக்கு இரண்டாம் நம்பர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். காகிதப்படி அவனுக்கு அன்று பதினெட்டு முடிந்தது. உம்மா கணக்கில் பதினாறு.

அந்த வாரமே பேனர்க் கம்பத்தை வைத்துப் பக்கத்துச் சந்துக்காரர்களோடு தகராறு வந்தது. அவர்கள் கம்பத்தைப் பிடுங்க வர, இவர்கள் அடிக்க, பட்டப்பகலில் ஒரு பையன் கத்திக்குத்து பட்டு ரோட்டிலேயே செத்துப்போனான். அவனுக்கும் ஒரு தாய் இருந்தாள். அவள் அழுகை எங்கள் பரண்வரை கேட்டது. அந்த நேரத்தில் ஜமால் அண்ணன் ஜிப் வாங்க வாப்பாவோடு உல்லாஸ்நகர் போயிருந்தான்.

போலீஸ் வந்தது. யார் யார் செல்வத்தின் ஆட்கள் என்று விசாரிக்க வேண்டிய வேலையே அவர்களுக்கு இல்லை, பேனர் நின்றுகொண்டிருந்தது. இறக்கி, ஜீப்பின் மேல் விரித்து, முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பிடித்தார்கள். பேனரில் இருந்த வரிசையிலேயே வழக்கிலும் நம்பர் போட்டார்கள். செல்வம் முதல் குற்றவாளி. என் அண்ணன் இரண்டாவது.

'எங்கூட வந்தாம் சாப், உல்லாஸ்நகருக்கு' என்று வாப்பா கெஞ்சியதை, பெற்றவன் அப்படித்தான் சொல்வான் என்று ஒதுக்கிவிட்டார்கள். அதன்பிறகு எங்களுக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான். அவன் சின்னப் பிள்ளை என்று கோர்ட் நம்பிவிட்டால் பெரிய ஜெயிலுக்குப் போகாமல் சிறுவர் இல்லத்தில் இருப்பான், சீக்கிரம் வீட்டுக்கும் வந்துவிடுவான். வக்கீல் அப்படித்தான் சொன்னார். உம்மா கோர்ட்டில் எழுந்து நின்று தமிழில் சொல்லச் சொல்ல, வக்கீல் மராத்தியில் சொன்னார். ரமலான் இருபத்தேழாம் கிழமை ராவு, மழை இல்லாத காலம், மருத்துவச்சி கைராத்தும்மா தொப்புள்கொடி அறுத்தது, எல்லாம் சொன்னாள். பள்ளிக்கூடத்துக் காகிதத்தைப் பார்த்த குமாஸ்தா, பிடிபட்டவர்கள் அத்தனை பேரும் ஜூன் ஒன்றா என்று கேட்டுச் சிரித்தார். பள்ளிக்கூடத்துக் காகிதம் இருக்கும்போது எலும்பைப் படம் எடுத்து வயது பார்க்கும் பேச்சுக்கே இடமில்லையாம். ஒரு வாரம் முந்தி நடந்திருந்தால் காகிதப்படியும் அவன் பிள்ளைதான் என்று வக்கீல் வெளியே வந்து சொன்னார், ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

'நாந்தான பெத்தேன், காயிதமா பெத்துச்சு?' என்று உம்மா கோர்ட் வாசலில் நின்று கேட்டாள். அவளே கொஞ்ச நேரம் கழித்து, 'ஆறுன்னு நாந்தான வாத்தியார்ட்ட சொன்னேன்' என்றாள். வாப்பா அவள் முக்காட்டை இழுத்துவிட்டு, 'நடம்மா' என்று மட்டும் சொன்னார்.

முதல் நம்பருக்குப் பணம் இருந்தது, ஜாமீனில் சீக்கிரமே வந்துவிட்டார். கடைசியாக ஜாமீன் கிடைத்து என் அண்ணன் வந்தபோது அவனோடு இருமலும் வந்தது. படுக்க இடமில்லாத அறையில், யாரோ ஒரு காசநோய்க்காரரோடு தோளோடு தோள் உட்கார்ந்தே தூங்கியதாகச் சொன்னான். ஏணி ஏற முடியாமல் கார்கானாவிலேயே படுத்துக்கொண்டான். மேலே வரச் சொல்லி நான் கூப்பிட்டால், 'எட்டலட்டி' என்பான். அடுத்த ரமலான் வரை அவன் இருக்கவில்லை. வழக்கு முடியாமலே மற்றவர்களுக்கு நடந்துகொண்டிருந்தது. கடைசியில் சாட்சி இல்லையென்று எல்லோரையும் விட்டுவிட்டார்கள். இரண்டாம் குற்றவாளி இறந்துவிட்டபடியால் என்று ஒரு வரி மட்டும் அவனுக்கு.

மவுத்தான மூன்றாம் நாள் சந்து முனையில் பையன்கள் ஒரு பேனர் வைத்தார்கள். ஆள் உயரத்துக்கு ஒரே முகம், இஸ்திரி போட்ட அதே சட்டை. கீழே 'தோற்றம்: ஜூன் 1' என்று எழுதியிருந்தது. உம்மா கீழே போய்த் தோல் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு நேரே முனைக்கு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் நீளமாக அறுத்து எடுத்து, சுருட்டிச் சாக்கடையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். முகம் வெயிலில் வெளுத்துப் போகும்வரை அங்கேயே நின்றது.

இப்போது அந்தச் சந்தில் பாதி இல்லை. கார்கானா இருந்த இடத்தில் மொபைல் கடை. பள்ளிக்கூடம் இருக்கிறது, அதில் தமிழ் வகுப்பு இல்லை. பிள்ளைகள் அவரவர் பிறந்த தேதியிலேயே பிறக்கிறார்கள். ஆஸ்பத்திரியே மணி நிமிடத்தோடு எழுதிக் கொடுத்துவிடுகிறது. முலுண்டில் என் வீட்டில்தான் உம்மா இருக்கிறாள். ஜூன் ஒன்றாம் தேதி காலையில் என் போனுக்கு பேங்கிலிருந்தும் இன்சூரன்ஸிலிருந்தும் பிறந்தநாள் வாழ்த்து வரும், அவள் பார்ப்பதற்குள் அழித்துவிடுவேன்.

போன மாதம் என் மகன், நாலு வயது இன்னும் முடியவில்லை, கண்ணாடிக்கு முன்னால் நின்று விளையாடிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வலது கையைத் தலைக்கு மேலே வளைத்தான். மாமனைப் போல நீளக் கை. விரல் இடது காதைத் தொட்டுவிட்டது. 'உம்மும்மா, எட்டிருச்சு!' என்று கூவினான்.

தொழுகைப் பாயில் இருந்த உம்மா எழுந்து வந்து அவன் கையைப் பிடித்து இறக்கினாள். இறக்கிய கையை விடாமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, பிள்ளை பயந்துபோகிற குரலில் சொன்னாள்:

'எட்டலல. எட்டலன்னு சொல்லு.'