கொடியில் ஐந்து கிளிப்புகள்

எங்கள் குடும்பப் படங்களில் தாத்தா நாற்காலியில் இருப்பார். அவர் பிள்ளைகள் ஐந்து பேரும் பின்னால் வயது வரிசையில் நிற்பார்கள்: பெரியப்பா, அவருக்கு அடுத்து அப்பா, பிறகு இரண்டு அத்தைகள், கடைசியில் சித்தப்பா. அதை மாற்றி யாரும் நின்றதில்லை. மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் கிறிஸ்துமஸுக்கு ஒரு படம் என்று மாட்டிக்கொண்டே வந்தவர்கள், எனக்கு ஆறு வயதானபோது நிறுத்திவிட்டார்கள். பெரியப்பாவும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. ஏன் என்று கேட்கவும் கூடாது. ஒரே அறையில் இருந்துகொண்டே, "ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லும்மா உங்கப்பாவ" என்பார் பெரியப்பா. தபால்காரி வேலை எனக்கு.

எனக்கு ஒன்பது வயதில் தாத்தாவுக்கு எண்பது முடிந்தது. எதையும் வாய்விட்டுக் கேட்காத மனிதர், எல்லோரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார். காலைப் பூசை முடிந்து, பிரியாணியும் முடிந்தது. போட்டோக்காரர் நாலு மணிக்கு வருவார். அடுப்படியில் பெரிய அத்தை சின்ன அத்தையிடம் அலுத்துக்கொண்டார்: "வரிசையில நின்னா அதுங்க ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வருமேடி. வேற எப்படித்தான் நிக்கிறது?"

அலுப்பில் வந்த பேச்சு அது. நான் அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டேன்.

மொட்டை மாடிக்கு ஓடி, துணிக் கொடியில் கிளிப்புகளை மாட்டிப் பார்த்தேன். சிவப்பு பெரியப்பா, நீலம் அப்பா. இரண்டே பேர் என்றால் இரண்டு விதம். மூன்றாவது கிளிப்பை முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் செருகலாம், ஆறு விதம். நான்காவதற்கு நான்கு இடம், இருபத்துநாலு. ஐந்தாவதற்கு ஐந்து இடம். பெருக்கினேன். நூற்றிருபது! இத்தனை வருஷம் ஒரே மாதிரி நின்ற ஐந்து பேருக்குள் இவ்வளவு இருந்ததா? ஆசை விடவில்லை, ஏழு பேர் வரை போனேன். ஐயாயிரத்து நாற்பது. வெயிலில் காய்ந்துகொண்டிருந்த தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

சிவப்பும் நீலமும் பக்கத்தில் வருவதை எப்படிக் கழிப்பது? கிளிப்புதானே, ஒன்றை மற்றொன்றில் கவ்வவிட்டேன். இரண்டும் ஒன்றாகிவிட்டன. இப்போது நான்கு உருப்படி, இருபத்துநாலு விதம். கவ்வியதைத் திருப்பிப் போட்டால் இன்னொரு இருபத்துநாலு. ஆக நாற்பத்தெட்டு. நூற்றிருபதில் அது போக எழுபத்திரண்டு.

நாலு மணிக்கு எல்லோரும் மாடிக்கு வந்தார்கள். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டது. அப்பா தண்ணீர்த் தொட்டியோரம், பெரியப்பா படியோரம்.

"இன்னா சார், வெளிச்சம் போய்க்கினு கீது. வந்து நில்லுங்க" என்றார் போட்டோக்காரர்.

யாரும் அசையவில்லை. நான் நடுவில் போய் நின்று அறிவித்தேன்: "பெரியப்பாவும் அப்பாவும் பக்கத்துல வராம நிக்க எழுபத்திரண்டு வழி இருக்கு!"

சித்தப்பா இருமினார். சின்ன அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

தாத்தா மட்டும் கேட்டார்: "மொத்தம் எத்தனைம்மா?"

"நூத்தியிருபது தாத்தா."

"அப்போ மீதி?"

"நாப்பத்தெட்டு. அதெல்லாம் நமக்கு வேணாம் தாத்தா. அதுல ரெண்டு பேரும் பக்கத்துல வந்துருவாங்க."

"நாப்பத்தெட்டு இருக்கா" என்றார் தாத்தா. சந்தையில் இல்லை என்று நினைத்த சாமான் கிடைத்துவிட்டது போலிருந்தது அந்தக் குரல்.

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். நடந்து வந்து நாற்காலிக்குப் பின்னால், தன் பழைய இடத்தில் நின்றார். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றார். "சட்டைக் காலர் மடங்கிக் கெடக்குடா" என்றார். நேராக அப்பாவிடமே.

அந்தப் படம் இன்றும் கூடத்தில் இருக்கிறது. அதில் தாத்தாவின் காலடியில் அழுத முகத்தோடு உட்கார்ந்திருப்பவள் நான். வேண்டாம் என்று நான் ஒதுக்கியதிலிருந்து எடுத்துவிட்டார்களே, அப்படியென்றால் என் கணக்கு தப்பு.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் மாடிக்குப் போய், கிளிப்புகளை வைத்து மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். எழுபத்திரண்டுதான் வந்தது.