அண்ணன் கண்ணுக்கு மட்டும் தெரிந்தவர்

அண்ணனின் ஆண்டுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும், அவருடைய ஒரே தங்கை எழுதுவது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள். அண்ணன் மகள்தான், "கடைசி வரைக்கும் கூட இருந்தது நீங்கதான அத்தை" என்று பேனாவைக் கையில் கொடுத்துவிட்டாள்.

அண்ணன் திரேஸ்புரத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், மீசை முளைக்கும் முன்பே சங்கு குளிக்கப் போனார். அவர் கடலுக்குள் முங்கும்போது வள்ளத்தில் இருந்து கயிறு பிடித்தவர் என் வீட்டுக்காரர். அவர், அண்ணன் கட்டிய என் மதினிக்குக் கூடப்பிறந்த அண்ணன். தங்கச்சியின் தாலியை நினைத்துக் கயிற்றை விடமாட்டார் என்று மச்சான் கையில்தான் கயிற்றைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன் ஒவ்வொரு முறையும் மேலே வந்துவிட்டார். என் வீட்டுக்காரர்தான் ஒருநாள் தனியாக மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அன்றே என்னைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்த அண்ணன், மதினி இறந்த பிறகும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

அறுபது தாண்டியபின் அண்ணனுக்கு விதைப்பையில் வலியில்லாத ஒரு வீக்கம் வந்தது. வெட்கப்பட்டு வெளியே சொல்லவில்லை. இதை அச்சில் போட வேண்டுமா என்று உறவில் கேட்டார்கள். போடுங்கள் என்றேன். இதைப் படிக்கிற ஆண்கள் யாராவது மறைத்து வைத்திருந்தால் நாளைக்கே டாக்டரிடம் காட்டட்டும்.

அறுவை செய்து பார்த்ததில் நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள், மறுபக்கத்து விதைக்கும் பரவாமல் இருக்கக் கதிர்வீச்சுக் கரண்டும் வைத்தார்கள். அண்ணன் ஒன்றையும் தட்டவில்லை. "முழுசாக் கரைஞ்சிட்டும்மா. இப்படியே நல்லா இருக்கிறவங்க உண்டு. ஆனா இந்த வகை பல வருஷம் கழிச்சும் திரும்பி வரலாம், மூளையிலகூட" என்றார் டாக்டரம்மா.

"மூளைக்கா? அங்கன ஒண்ணுமில்லன்னு அதுவே திரும்பிப் போயிரும்" என்று அண்ணன் சிரித்தார்.

சில வருடங்கள் நன்றாகவே இருந்தார். ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ஏளா, மச்சான் நனைஞ்சுபோய் வாசல்ல நிக்காரு. துண்டு குடு" என்றார். யோசிக்காமல் துண்டோடு ஓடினேன். யாரும் இல்லை. தரை ஈரமாக இருந்தது. உப்புக் காற்றில் எங்கள் வீட்டுத் தரை எப்போதும் அப்படித்தான்.

அப்புறம் தினமும் சொன்னார். "என்ன சொல்லுதாரு?" என்று கேட்டேன்.

"பேச மாட்டேங்காரு. கயித்தைச் சுருட்டிக்கிட்டு நிக்காரு."

"முடி நரைச்சிருக்கா?"

"போன அன்னைக்கு இருந்தாப்லயே இருக்காரு. நீதாம்ளா கிழவியாயிட்ட."

அடக்கம் பண்ணாத ஆத்துமா அலைகிறது, பூசை வையுங்கள் என்றார்கள். வைத்தோம். எனக்கோ வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கப் பிடித்திருந்தது. அண்ணன் மகள்தான் வேறொன்றைப் பார்த்தாள். தட்டில் இடது பக்கத்துச் சோறு அப்படியே இருந்தது. இடது கையில் டம்ளர் நிற்கவில்லை. உடனே அழைத்துப் போனாள். ஸ்கேனில், நோய் மூளையில் வந்திருந்தது.

மறுபடி மருந்து. அண்ணன் தெளிந்தார். "மச்சான் நிக்காரா?" என்று கேட்டேன். "அவரு கடலோட போயி எவ்வளவு காலமாச்சு! உனக்கும் தலைக்கு வந்துட்டா?" என்றார். அடுக்களைக்குள் போய் அழுதேன். சந்தோஷம்தான். அது மட்டும் இல்லை.

சில மாதம் கழித்து ஒரு காலையில், அண்ணன் கட்டிலில் நகர்ந்து யாருக்கோ இடம் விட்டு, "வாங்க மச்சான்" என்றார். ஸ்கேன் எடுக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் போய் நின்று, "போயிருங்க. அண்ணன் எனக்கு வேணும்" என்றேன். என் வீட்டுக்காரரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒருமுறைதான்.

இனி உடம்பு மருந்து தாங்காது என்றார்கள். தலைவலி தெரியாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். கடைசி நாளில் அண்ணன் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார், முங்கப் போகிறவர் இழுப்பதுபோல. என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்துத் தலையசைத்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து வழி விட்டேன்.

வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவுக்கும் நர்சுப் பிள்ளைகளுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், நற்கருணை கொண்டுவந்த சாமியாருக்கும், தோள் கொடுத்த உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனைத் தனியே விடாமல் கூட்டிப் போனது உண்மையானால், என் வீட்டுக்காரருக்கும் நன்றி. அன்றைக்கு நான் விரட்டியதை அவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.