முனவ்வராவின் எக்ஸ்ரே

"எக்ஸ்ரே எடுத்துப் பாப்பம்" என்றபடி முனவ்வரா, கோப்பில் மறைந்திருக்கும் குறிகளைத் திரையில் காட்டும் பொத்தானை அழுத்துகிறார். கலேவெல பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால், தட்டச்சும் அச்சும் செய்து கொடுக்கும் கம்யூனிகேஷன் கடையில், யார் எந்தக் கோப்பைக் கொண்டுவந்தாலும் அவருக்கு இதுதான் முதல் வேலை. வெள்ளையும் சொள்ளையுமாக இருந்த என் கட்டுரைக்கு அம்மை கண்டுவிட்டது. இடைவெளிக்கு ஒரு புள்ளி, டெப் விசைக்கு ஓர் அம்பு, பத்தி முடிகிற இடமெல்லாம் ஒரு கொக்கி.

"தலைப்ப நடுவுக்குக் கொண்டுபோக முப்பத்தொரு தரம் ஸ்பேஸ் தட்டி இரிக்கிறீங்க. வெரல் வலிக்கல்லயா சேர்?"



முனவ்வராவுக்கு முப்பத்தெட்டு வயது. காலையில் கடை திறந்ததும் பழைய பல்துலக்கியால் கீபோர்டைத் துடைப்பார். அதில் முதலில் எழுத்து அழிந்துபோனது டெப் விசைதான். புள்ளிகளைப் பார்த்தே ஆளைச் சொல்லுவார். "இது ஹுஸ்னி நானா அடிச்சது. வரிக்கு வரி என்டர் தட்டுவாரு, டைப்ரைட்டர் பழக்கம்." விவசாயச் சங்க அறிவித்தல், கல்யாண அழைப்பு, தம்புள்ளைக்குப் போகும் மரக்கறி விலைப்பட்டியல், எல்லாம் அவர் கையில் நேராகும்.

நேராகாதது ஒன்றுதான். ஊரில் கணினி வகுப்பு நடத்தும் யஹ்யா சேருக்கு மூன்று வருடங்களுக்கு முன் பதினொரு பாடங்களில் ஒரு புத்தகம் எழுதிக் கொடுத்தார். அட்டையில் முனவ்வராவின் பெயர் வரும், அதைக் காட்டியே வகுப்பில் ஆசிரியை வேலை கிடைக்கும் என்பது பேச்சு. அட்டையில் வந்தது யஹ்யா சேரின் பெயரும் கோட் போட்ட படமும். கேட்டதற்கு, "அடுத்த பதிப்புல பாப்பம்."

ஆறாம் பாடம் இந்த மறைந்த குறிகளைப் பற்றியது. புத்தகம் வந்த மறுமாதம் சேர் பதறியடித்துக்கொண்டு ஃபோன் எடுத்தாராம். "வகுப்புக் கம்ப்யூட்டர்ல புள்ளி புள்ளியா வருது முனவ்வரா, வைரஸ் புடிச்சிரிச்சி!"

இதைச் சொல்லிவிட்டு முனவ்வரா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் இருக்கும்போதே அந்த மனிதரின் அழைப்பு வந்தது. கை வேலையாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார்.

"ரெண்டாம் பதிப்பு ஃபைல் அனுப்பினேன். கடைசில ஒரு பக்கம் சும்மா வெறுமையா வருது, அத எடுத்துருங்க. இன்னொண்ணு, அந்த வேலைக்கி ஆளு எடுத்தாச்சி. தர்சன்னு ஒரு தம்பி. நம்ம புத்தகத்தக் கரைச்சிக் குடிச்ச புள்ள."

"சரி சேர்."

கோப்பைத் திறந்து, பழக்கதோஷத்தில் எக்ஸ்ரே பொத்தானை அழுத்தினார். தொண்ணூற்றேழாம் பக்கம் வெறுமையாக இல்லை. உச்சியில், புள்ளிக்கோடு அடியில் ஓட, ஒரே ஒரு வரி: 'எழுதியது முனவ்வரா, கலேவெல.'

"அட்டை வந்த அன்னிக்கி ஆத்திரத்துல எழுதி மறைச்சி வெச்சது, அந்த ஃபைலத்தான் சேருக்குக் குடுத்தேன். அச்சுல எழுத்து வராது. ஆனா அந்த வரி எடம் புடிச்சிக்கும், அதான் ஒரு பக்கம் கூடுது." ஆறாம் பாடத்தை ஒரு தடவை செய்து பார்த்திருந்தால் சேர் இதைக் கண்டிருப்பார். மூன்று வருடமாக அவர் கண்ணில் படவில்லை.

"வேறு பக்கத்தில் ஒளித்து வையுங்களேன்" என்றேன்.

"எதுக்கு? எனக்கு மட்டும் தெரியத்தானா? அது எனக்குத் தெரியுமே சேர்."

வரியின் கடைசியில் போய் நின்றார். மொத்தமாக அழிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, ஊர்ப் பெயரிலிருந்து பின்னோக்கித் தட்டிக்கொண்டு வந்தார். 'மு' போனதும் விரல் ஒரு கணம் நின்றது. மிச்சத்தையும், பிறகு அந்த வெற்று வரியையும் தட்டினார். திரையின் கீழே பக்க எண்ணிக்கை தொண்ணூற்றேழு தொண்ணூற்றாறானது.

ஃபோனை வாயருகே பிடித்து, "பக்கத்த எடுத்துட்டேன் சேர்" என்று குரல் பதிவு அனுப்பிவிட்டு, என் தலைப்பின் முன்னால் இருந்த முப்பத்தொரு புள்ளிகளைத் துடைக்கத் தொடங்கினார்.