ஆறு குடும்பம், ஒரு ஸ்டீமர்

பார்சல் காத்திருக்கிறது என்று வந்த ஒரு குறுஞ்செய்தியை நம்பி லிங்கை அமத்தியதால், என் மனிசன் வங்கி அட்டையையே மாற்ற வேண்டி வந்தது. அந்தக் கதையை ஒரு வருடம் முழுக்கப் பிறந்தநாள் வீடுகளில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அவர் பாவம், வடையைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். என்னை ஒருத்தரும் பேய்க்காட்ட முடியாது என்று எனக்கு அப்படியொரு நினைப்பு. வரி அலுவலகம் என்று சொல்லிக்கொண்டு போன் எடுப்பவனிடம் அடுப்பில் கறி இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லிவிட்டு, இருபது நிமிடம் போனை மேசையில் கிடத்துகிற ஆள் நான்.

அப்படிப்பட்ட என்னைப் பென்டில் ஹில் மரக்கறிக் கடையில் ஒருவர் பிடித்தார். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். டை கட்டிய, நல்ல யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற மனிதர். புதுவகைச் சட்டி விற்கிறவராம். தானே சாமான் கொண்டுவந்து என் வீட்டில் சமைப்பாராம். நான் ஆறு குடும்பத்தைக் கூப்பிட்டால் போதும், மூன்று தட்டு ஸ்டீமர் ஒன்று இலவசமாம். ஒருவரும் எதுவும் வாங்கத் தேவையில்லை, வந்து சாப்பிட்டால் சரியாம். ஒரே நேரத்தில் புட்டும் இடியப்பமும் அவியும் என்றார். அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன்.

ஐந்து குடும்பம் சேர்ந்தது. ஆறாவதுக்கு என்னோடு வேலை செய்கிற பெண்ணைக் கேட்டேன். செவன் ஹில்ஸில் நாங்கள் பொதிகட்டுகிற இடத்துக்குத் தினமும் என் காரில்தான் வருவாள். தனி ஆள். அகதியாகப் படகில் இந்த நாட்டுக்கு வந்து, வருடக்கணக்காகக் காத்திருந்து, இப்போதுதான் விசா சரிவந்திருந்தது. பன்னிரண்டு வருடமாகப் பார்க்காத தாய் திருச்சியில் இருக்கிறார். காலையில் காரில் ஏறியதும் போனை நீட்டி அன்றைய டிக்கெட் விலையைக் காட்டுவாள். சனிக்கிழமை ஓவர்டைம் இருக்கிறது என்றாள். சும்மா வந்து இரும், சாப்பிட்டுப் போகலாம் என்று நான்தான் விடாமல் பிடித்தேன்.

அந்தச் சனிக்கிழமை என் குசினி அந்த டை கட்டியவருடையதாகிவிட்டது. என் பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீரும் சமையல் சோடாவும் போட்டுக் காய்ச்சி, ஆளுக்கொரு கரண்டி குடிக்கத் தந்தார். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. இந்த நஞ்சைத்தான் இவ்வளவு காலமும் வீட்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சட்டிக் கறியை அவர்களும் தின்றவர்கள்தானே! அவருடைய சட்டியில் காய்ச்சிய தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அதற்குள் சோடா போட்டாரா என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பிறகு எண்ணெய் இல்லாமல் ஒரு கோழி சமைத்தார். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. இருந்தும் எல்லாரும் அருமை என்றோம். வீட்டுக்கு வந்து சமைத்துப் போட்டவரை வேறென்ன சொல்வது? அதன்பின்தான் என்னைத் தனியே கூப்பிட்டு, ஒருவராவது ஒரு சட்டி செட் வாங்கினால்தான் ஸ்டீமர் என்று மெதுவாகச் சொன்னார். அந்த நேரமே படிவத்தையும் விரித்தார். எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர். யோசித்துச் சொல்கிறோம் என்று ஒவ்வொரு குடும்பமாகச் செருப்பைத் தேடியது. கடைசியில் அவள் மட்டும் கதிரையில் இருந்தாள். கையெழுத்துப் போட்டாள். டிக்கெட்டுக்கு வைத்திருந்த காசு முற்பணமாகப் போகப்போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஸ்டீமரை வாங்கி மேசையில் வைத்தேன்.

திங்கட்கிழமை அவளுக்குப் புட்டுக் கட்டிக்கொண்டு போனேன். காரில் ஏறினாள். போனை நீட்டவில்லை. டிக்கெட் என்ன விலை என்று நானே கேட்டேன். அடுத்த வருடம் பார்ப்போம் அக்கா என்றாள். எனக்குக் கோபம் வந்தது. முதலில் அவள் மேல்.

அன்று பின்னேரம் சோடாத் தண்ணீரை மூன்று விதமாகக் காய்ச்சினேன். பழைய சட்டியில், இலவச ஸ்டீமரில், மைக்ரோவேவில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில். மூன்றையும் என் மனிசனுக்குக் குடிக்கக் கொடுத்தேன். மூன்றும் ஒரே கசப்பு என்று அவர் முகத்தைச் சுளித்தார். சுளித்த முகத்தில் சிரிப்பும் இருந்தது.

மறுநாள் அவளிடம் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். பின்பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், பத்து வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம் என்று இருந்தது. இந்தச் சட்டத்தை வாட்சப் குழுவுக்கு நானே இரண்டு தரம் அனுப்பியவள். சட்டிப்பெட்டி இன்னும் வந்திருக்கவில்லை. எழுதி அனுப்பும், பிரதி ஒன்றை வைத்திரும் என்றேன். அவள் மாட்டேன் என்றாள். அவ்வளவு நேரம் நின்று சமைத்த மனிதர், பாவமாம்.

ஆகவே காரில் ஒத்திகை பார்த்தோம். நான்தான் அந்த டை கட்டியவர். தங்கச்சி, நீங்கள் ரத்துச் செய்தால் என் வேலை போய்விடும் என்று அழுவேன். அவள் உடனே ஓம், சரி என்பாள். அடுத்த சிக்னலில் திரும்பத் தொடங்குவேன். மூன்று நாள் ஓமிலேயே போனது. நாலாம் நாள், நான் மூக்கை உறிஞ்சி அழும்போது, சிரிப்பை அடக்கிக்கொண்டு வேண்டாம் என்றாள். கார் தரிப்பிடத்தில் இருந்தே மின்னஞ்சல் போனது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் அந்த டை கட்டியவர் அவளுக்குப் போன் எடுத்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். அவர் கெஞ்சினார், பிறகு விலையில் கழிவு தருவதாகச் சொன்னார். அவள் அமைதியாக, "வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லைத்தானே" என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இவ்வளவு வடிவாச் சொல்லத் தெரியுது உமக்கு. அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

"அண்டைக்கு அவருக்காகக் கையெழுத்துப் போடேல்லை அக்கா. எல்லாரும் எழும்பிப் போகேக்க நீங்கள் என்னைப் பாத்தனீங்கள்."

முற்பணம் திரும்பி வந்து, அவள் திருச்சிக்கும் போய்வந்துவிட்டாள். இப்போது பிறந்தநாள் வீடுகளில் கதை சொல்வது என் மனிசன். சோடாத் தண்ணீரில் தொடங்கி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார். சொல்லட்டும். அவள் சொன்ன அந்த ஒரு வசனத்தை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.