தாத்தாவின் ‘ஆ’

நான் ஏன் உங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் பேப்பர் வாசித்துக் காட்டியதே இல்லை என்று ஒருநாள் கேட்டீர்கள். அன்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன்.

உங்கள் தாத்தா ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் மேசைக்குப் பரிமாறியவர். பள்ளிக்கூடம் போகாதவர். துரை ‘ஆஸ்க்’, ‘லாஸ்ட்’ என்று வாய் திறந்து சொன்ன அந்த நீண்ட ‘ஆ’வை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். எனக்கும் அதுதான் வந்தது. நான் கிளப்பில் மேசைக்குப் பரிமாறும் பேரராக இருந்தேன். மெம்பர்கள் படித்துப் போட்ட முந்தின நாள் பேப்பரை மடித்து எடுத்துவருவேன். மர்பி டவுன் வீட்டில் தினமும் காலையில் நான் ஒரு வரி வாசிக்க, உங்கள் அக்கா திருப்பிச் சொல்வாள். தொண்ணூற்றொன்றில், அவள் ஐந்தாவது படிக்கும்போது தொடங்கிய பழக்கம்.

பத்து வருஷம் கழித்து அவளைக் கால் சென்டரில் பயிற்சிக்கு எடுத்தார்கள். உச்சரிப்பைப் பார்க்கும் வாய்ஸ் டெஸ்டில் தேறினால்தான் வேலை. அங்கே ‘ஆ’ கூடாது. ‘அ’வுக்கும் ‘ஏ’வுக்கும் நடுவே, வாயை அகட்டி ஒரு சத்தம். கண்ணாடி முன் நின்று பழகினாள். நான் சும்மா இருந்திருக்கலாம். கோணலாகச் சொல்கிறாள் என்று நினைத்து, அந்த வாரம் முழுக்கப் பேப்பரோடு உட்கார்ந்து திருத்தினேன்.

“தாத்தா துரை வாயிலேர்ந்து கேட்டது இது. உன் ட்ரெய்னர் எந்தத் துரைகிட்ட கத்துக்கினாரு?”

“துரை போயி அம்பது வருஷமாச்சுப்பா. இப்ப போன் பண்றவன் அமெரிக்காக்காரன்.”

இருவரும் சிரித்தோம். அவள் தேறவில்லை. பதினைந்து நாளில் இன்னொரு டெஸ்ட், அதோடு சரி என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை, என் கையிலிருந்த பேப்பரை மெல்ல வாங்கி மடித்தாள்.

“ப்பா, கோச்சிக்காத. நீ படிச்சா எனக்குப் பழசே வாயில வருது. கொஞ்ச நாளு உன் இங்கிலீஷ் என் காதுல விழவேணாம்.”

“சரிம்மா.”

அவள் எதிரில் தமிழ் பேசவும் பயமாக இருந்தது. அதற்குள்ளும் எத்தனை இங்கிலீஷ். ‘பஸ் வந்துச்சா’ என்று கேட்க நினைத்து, வாசலைக் கை காட்டினேன்.

தேறிவிட்டாள். கொஞ்ச நாள் என்றது அப்படியே நின்றுபோனது. அவளும் வாசிக்கக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தீர்கள். ஒரு காலை, உங்களில் சின்னவள் பேப்பரை என் மடியில் வைத்து, “படிப்பா” என்றாள். முதல் வரியை மனதுக்குள் படித்தேன். அதில் ‘லாஸ்ட்’ இருந்தது.

படத்தை மட்டும் காட்டினேன்.