அடைக்காமல் விட்ட ஜன்னல்

சென்ற ஆண்டு, பெருமழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலைப்பொழுது. இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து எல்லையில், முன்பு தோட்டக் கணக்கெழுதும் கிளாக்கர்மார் குடியிருந்த பழைய வீடு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தோம். என் மகள் மனநல ஆலோசகர். துயரத்தால் ஒடுங்கிப்போனவர்கள் வந்தமர்ந்து மனம் ஆறுவதற்கு ஓர் இடம் அமைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் விருப்பம்.

கூரைத் தகரம் மாற்றி, பாசி படிந்த சுவர்களைச் சுரண்டி வெள்ளை பூசியாயிற்று. பின்னறை ஜன்னல் ஒன்றே எஞ்சியிருந்தது. அதற்கு நேரெதிரே தேயிலை மலை. கொழுந்தெடுப்போரின் பேச்சும் சிரிப்பும் உள்ளே நிறையும் என்பதால் அதை அடைத்துவிடச் சொன்னேன். அமைதி என்றால் ஓசையின்மை என்றே எண்ணியிருந்தேன்.

கட்டட வேலைக்கு வந்திருந்த மேசனுக்கு அதில் சம்மதமில்லை. "அப்ப உள்ள வர்றவங்களுக்கு ஆளுக்கொரு டோர்ச் லைட்டும் நீங்களே குடுத்துருவீங்களாங்க ஐயா?" என்று கேலி செய்தபடியே கல் அடுக்கத் தொடங்கினார்.

அறையின் மூலையில் அவருடைய மனைவி அமர்ந்திருந்தார். கொழுந்தெடுத்து வாழ்ந்தவர். மண்சரிவில் தம் அக்காவைப் பறிகொடுத்த நாள் முதல் ஒரு சொல்லும் பேசவில்லை. தொண்டையில் குறையில்லை, பொறுத்திருங்கள் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்களாம். தனியே விட மனமின்றி, மேசன் போகுமிடமெல்லாம் அவரை அழைத்து வருவார். என் மகள் அடிக்கடி அருகில் சென்று அமர்வாள். அந்தப் பெண் தலையைக்கூட நிமிர்த்தியதில்லை.

முதல் வரிசைக் கல் முடிந்த நேரம், எதிர்மலையில் பெண்கள் கூடைகளோடு வந்து, செடி வரிசைகளில் ஆளுக்கொரு நிரை பிடித்தார்கள். ஒரு மலையில் கொழுந்தெடுக்கத் தொடங்கும்போது ஒருவர் "பொலியோ பொலி" என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுச் சொல்வது வழக்கம். விளைச்சல் பெருகட்டும் என்னும் வேண்டுதல் அது. அன்றும் அந்தக் குரல் எழுந்தது.

மறுமொழி எங்கள் அறைக்குள்ளிருந்து வந்தது.

"பொலி."

கரகரத்து மெலிந்திருந்த அந்த ஒற்றைச் சொல்லில் மேசனின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "என்னா புள்ள சொன்ன?" என்றார், மெல்ல.

அந்தப் பெண் எழுந்து ஜன்னலருகே வந்தார். மலையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கணவரிடம், "கல்ல எடுங்க. சாந்து எறுகிரப் போகுது" என்றார்.

"இந்தா எடுக்கிறேன், எடுக்கிறேன்" என்று சிரிப்பும் அழுகையுமாக, வெறுங்கையாலேயே கற்களைப் பெயர்த்தார் மேசன். என் மகள் வாய்பொத்தி நின்றாள். என் கைகள் தாமாகக் குவிந்தன.

அருள் நாதமாகி வரும் என்று வாழ்நாளெல்லாம் பதிகங்களில் பாடி வந்தவன் நான். அது தேயிலைச் செடிகளுக்கிடையே கூடை சுமந்த ஒருத்தியின் வாயிலிருந்து எழுந்து, துயரத்தில் புதைந்து கிடந்த ஓர் உயிரைத் தொட்டெழுப்பியதை அன்றுதான் கண்ணாரக் கண்டேன். இன்றும் பாடுவதற்கு வாய் திறக்குமுன் ஒரு கணம் தயங்கிச் செவிசாய்க்கிறேன். எனக்கு முன்பே இறைவன் பேசத் தொடங்கியிருக்கக்கூடும்.